கவட்டை நுழையுமா? ஒரு சிறு மரவேலைக் குழு சிப்பர் தேர்ந்தெடுத்த விதம்

இந்த ஆய்வில் வரும் குழு சின்னது. மரம் ஏறி வெட்டுபவர் ஒருவர், தரையில் கயிறு பிடிக்கவும் கிளை இழுக்கவும் இருவர், வண்டியையும் கணக்கையும் வாடிக்கையாளர் பேச்சையும் பார்த்துக்கொள்ளும் உரிமையாளர் ஒருவர். வீட்டுத் தோட்டம், பள்ளி வளாகம், சாலையோர மரம் என்று கலவையான வேலை. பெரும்பாலும் கிளை கழிப்பு, அவ்வப்போது முழு மரம் இறக்குதல்.

வெட்டும் வேலையில் அவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. வெட்டி முடித்த பிறகுதான் நாள் நீண்டது. தழையோடு கூடிய கிளையை வண்டியில் ஏற்றினால் ஏறுவதில் பாதிக்கு மேல் காற்றுதான். மேலே ஏறி மிதித்து, கயிறு போட்டு இறுக்கி, மீண்டும் ஏற்றி, நடை மேல் நடை அடிக்க வேண்டியிருந்தது. ஏறி வெட்டியவர் கீழே வந்து ஓய்வெடுக்கும்போது தரையில் நின்ற இருவருக்கும் வேலை அப்போதுதான் தொடங்கும். இதற்கு வழியாகத்தான் உட் சிப்பர், அதாவது கிளைகளை அரைத்துச் சில்லாக்கும் இயந்திரம், வாங்கும் பேச்சு வந்தது.

பேச்சு வந்ததும் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, யாரும் கேட்கக்கூடிய கேள்விதான்: எத்தனை இன்ச் மரம் வரைக்கும் அரைக்கும்? விற்பவர்களும் அந்த எண்ணைத்தான் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் இந்தத் தேர்வில் உடன் இருந்து குறிப்பெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முடிவை அந்த எண் தீர்மானிக்கவில்லை. அது தீர்மானித்திருந்தால் இவர்கள் வேறொரு இயந்திரத்தை வாங்கி, பாதி நாள் அதன் முன்னால் செயின்சாவோடு நின்றிருப்பார்கள்.

மரத்திலிருந்து உண்மையில் என்ன விழுகிறது

எந்த மாடலையும் பார்க்கும் முன் ஒரு சின்ன வேலை செய்தார்கள். வழக்கமான வேலைகளில் கீழே விழும் குவியலை அப்படியே பார்த்து, கனத்தை அளந்து, எது எங்கே போகிறது என்று பிரித்தார்கள். அடிமரமும் பருத்த கொம்புகளும் ஏற்கெனவே விறகுக்கும் மரக்கடைக்கும் போய்க்கொண்டிருந்தன. அவற்றை யாரும் அரைக்கப் போவதில்லை, அரைத்தால் நட்டம். மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி மணிக்கட்டுக் கனத்துக்கும் கீழே. முழங்கைக் கனத்துக்கு மேல் போனவை கொஞ்சம்தான். ஆனால் அந்த மெல்லிய கிளைகள் ஒன்றுகூட நேராக இல்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கவட்டை, பக்கவாட்டில் விரிந்த கொப்புகள், முறுக்கிய கணுக்கள்.

சிப்பரின் அளவாகச் சொல்லப்படும் 6 இன்ச், அதாவது 150 மி.மீ., ஒரு நேரான உருண்டைக் கட்டையின் கனம். கவட்டை உருண்டையாக வருவதில்லை. 8 செ.மீ. கனமுள்ள இரண்டு கிளைகள் பிரியும் இடத்தில் அகலம் 20 செ.மீ. கூட இருக்கும். கிளையை உள்ளே இழுக்கும் உருளைகளுக்கு முன்னால் உள்ள கழுத்துப் பகுதி 150க்கு 150 என்றால் அந்தக் கவட்டை மாட்டிக்கொள்ளும். அதே 150 மி.மீ. வகையில் கழுத்தின் அகலம் 200 மி.மீ.க்கு மேல் இருந்தால், உருளை அதை நசுக்கி மடக்கி உள்ளே இழுத்துவிடும். இரண்டு இயந்திரங்களும் விளம்பரத் தாளில் 6 இன்ச் என்றே இருக்கும்.

ஆகவே கேள்வியை மாற்றினார்கள். எவ்வளவு கனமான மரம் என்பதை விட்டுவிட்டு, எங்கள் கவட்டை வெட்டாமல் நுழையுமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். தரையில் வேலை செய்யும் இளையவர் ஒருவர்தான் இதை முதலில் பிடித்தார். "அண்ணே, ஒவ்வொரு கொப்பையும் கழிச்சுத்தான் போடணும்னா, அதுக்கு வண்டியிலயே ஏத்திடலாமே" என்றார். கணக்கு சரிதான்.

கண்ணில் பட்ட வகைகள்

முதலில் பார்த்தது உருளை இல்லாத சிறு பெட்ரோல் சிப்பர். சாய்வான வாயில் கிளையைப் போட்டால் பிளேடே அதைக் கடித்து இழுக்கும். விலையும் எடையும் குறைவு, எங்கும் தள்ளிக்கொண்டு போகலாம். வீட்டுத் தோட்டக்காரருக்கு நல்ல பொருள். தழை நிறைந்த கிளையை இதில் போட்டால் யாராவது கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், பிளேடு கடிக்கும்போது கிளை உதறும், அந்த உதறலை மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும். நாள் முழுவதும் செய்யும் தொழிலுக்கு இது ஒத்துவராது என்பதில் குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்து, ஹைட்ராலிக் உருளைகள் உள்ளவை. இவற்றில் கிளையின் அடிமுனையை உருளையில் தொட வைத்தால் போதும், மீதியை இயந்திரமே இழுத்துக்கொள்ளும். வெட்டும் பகுதி இரண்டு விதம். தட்டு வகையில், கனமான இரும்புத் தட்டில் பிளேடுகள் பதித்திருக்கும், தட்டின் பின்புறமோ விளிம்பிலோ உள்ள துடுப்புகள் காற்றை உண்டாக்கிச் சில்லைக் குழாய் வழியே வீசும். டிரம் வகையில், பீப்பாய் போன்ற சுழலும் டிரம்மின் மேற்பரப்பிலேயே பிளேடுகள் இருக்கும். டிரம் விரிந்த தழையை நன்றாக விழுங்கும், வாயும் அகலமாக வைக்க முடியும். பதிலுக்கு அதிகத் திறன் கேட்கும், எடை கூடும். சிறிய அளவில் தட்டு வகைதான் எடைக்கும் திறனுக்கும் ஒத்துப்போகிறது, சில்லும் ஓரளவு சீராக வரும்.

டிராக்டரில் பிற கருவிகளுக்குச் சக்தி கொடுக்கும் பிடிஓ தண்டில் மாட்டுபவை மூன்றாவது. நிமிடத்துக்கு 540 சுற்று (ஆர்பிஎம்) வேகத்தில் ஓடும் தண்டிலிருந்து சக்தி எடுப்பதால் தனி இன்ஜின் இல்லை. ஏற்கெனவே டிராக்டர் வைத்திருக்கும் பண்ணைக்கு இதைவிடச் சிக்கனம் கிடையாது. இவர்களிடம் டிராக்டர் இல்லை.

குதிரைத்திறனைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டு ஒரு சக்திச் சேமிப்பு. கட்டை மோதும் நொடியில் வெட்டுவதற்கான வேகத்தைத் தட்டுதான் கொடுக்கிறது, இன்ஜின் பின்னாலிருந்து அதை நிரப்புகிறது. சுழலும் பொருளில் உள்ள ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 19 சதவீதம் போய்விடும், 20 சதவீதம் குறைந்தால் 36 சதவீதம் போய்விடும். துடுப்பின் காற்றும் அதோடு குறையும், சில்லு குழாயிலேயே நின்று அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நல்ல இயந்திரங்களில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆர்பிஎம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் உருளை தானாக நிற்கும், சிலவற்றில் சற்றுப் பின்னோக்கியும் சுழலும். வேகம் மீண்டதும் மறுபடி ஊட்டும். பெரிய இன்ஜினும் இந்தக் கட்டுப்பாடு இல்லாத உருளையும் உள்ளதைவிட, நடுத்தர இன்ஜினும் நன்றாகச் சரிசெய்த கட்டுப்பாடும் உள்ளது நாள் முடிவில் அதிகம் அரைக்கும் என்பது என் கருத்து. குழுவின் அனுபவமும் அப்படித்தான் இருந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. 15 செ.மீ. கட்டையின் வெட்டுப்பரப்பு 10 செ.மீ. கட்டையுடையதைப் போல 2.25 மடங்கு. உச்ச அளவில் இயந்திரம் ஓடலாம், ஆனால் நாள் முழுக்க அந்த உச்சத்திலேயே ஓட்டுவதற்காக அது செய்யப்படவில்லை. 6 இன்ச் சிப்பர் என்றால் 4 இன்ச் வரை ஓயாமல் ஓடும், 6 இன்ச்சை எப்போதாவது சமாளிக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

சக்கரமா, டிராக்கா

இதில்தான் குழுவுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. இரும்பு அல்லது ரப்பர்ப் பட்டையில் ஊர்ந்து போகும் டிராக் சிப்பர், ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலத்தில் கிடைக்கிறது. வீட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியே மரத்தடிக்கே போய்விடும். கிளை இழுக்கும் தூரம் மிச்சம். ஏறுபவருக்கு இதுதான் வேண்டும் என்று ஆசை.

உரிமையாளர் வேறு விதமாகப் பார்த்தார். டிராக் சிப்பர் மரத்தடிக்குப் போகும், சில்லு எங்கே போகும்? தோட்டத்திலேயே மூடாக்காகப் பரப்பச் சொன்னால் சரி. வெளியே கொண்டுபோக வேண்டும் என்றால், கிளையாக இழுத்திருக்க வேண்டியதைச் சில்லாகத் தள்ளுவண்டியில் அள்ள வேண்டும். அதோடு அதை ஏற்றிப்போக ஒரு தனி டிரெய்லர், சரிவில் ஏற்றி இறக்கும் ஆபத்து, தேய்ந்தால் மாற்ற வேண்டிய பட்டைகள். அவர்களுடைய வேலை இடங்களில் பெரும்பாலானவற்றில் சாலை பக்கத்திலேயே இருந்தது. சந்து வழியே மட்டும் போகக்கூடிய இடம் குறைவு, அதற்கு டிராக் சிப்பரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

வண்டிக்குப் பின்னால் சக்கரத்தில் இழுத்துப்போகும் இழுவை வகையில் எடைதான் முக்கியம். ஐரோப்பிய நாடுகளில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ என்ற எல்லை இருக்கிறது. அங்கே செய்யப்படும் 6 இன்ச் மாடல்கள் பல, அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்பது தற்செயல் இல்லை. எல்லை எதுவானாலும், இழுக்கும் வண்டியின் கையேட்டில் பிரேக் இல்லாத இழுவைக்கு என்ன அளவு கொடுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சிப்பரின் எடையைப் பார்க்க வேண்டும். இவர்கள் பார்த்தார்கள். 8 இன்ச் மாடல் ஒன்று அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து விழுந்தது.

கடைசியில் இரண்டு மாடல்கள் மிஞ்சின. இரண்டும் தட்டு வகை, 150 மி.மீ., இரட்டை உருளை, இழுவைச் சக்கரம்.

சோதனை ஓட்டம்

விற்பவர்கள் செய்து காட்டும்போது நேரான, பச்சையான, மென்மையான கட்டைகளைக் கொண்டுவந்து போடுவார்கள். எந்தச் சிப்பரும் அதில் அழகாகத்தான் இருக்கும். இவர்கள் முந்தைய நாள் வெட்டிய குவியலையே வண்டியில் ஏற்றிப் போனார்கள். கவட்டை, காய்ந்த கட்டை, நனைந்த தழை, முள், எல்லாம் கலந்து. ஒரு விற்பனையாளர் அதைக் கண்டு முகம் சுளித்தார். இன்னொருவர் தானே கையுறை மாட்டிக்கொண்டு கிளையை எடுத்தார். இதற்காக மதிப்பெண் கொடுக்க முடியாது, ஆனால் பின்னால் பழுது வரும்போது யாரைக் கூப்பிடலாம் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

எதைப் பார்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரே குவியலைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டிலும் போட்டு, எத்தனை கிளையை மீண்டும் வெட்ட வேண்டியிருந்தது என்று ஒருவர் எண்ணினார். கனமான கட்டை போனபின் வேகம் மீண்டு உருளை மறுபடி சுழல எவ்வளவு நேரம் ஆனது என்று இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். காதால்தான், கடிகாரம் தேவைப்படவில்லை. அப்புறம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, பிளேடு மூடியைத் திறக்க எத்தனை போல்ட், எந்தக் கருவி என்று பார்த்தார்கள். ஒன்றில் ஒரு மூடியைத் திருப்பினால் தட்டு முழுவதும் தெரிந்தது. மற்றதில் குழாயைக் கழற்றி, ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கையை வளைத்துத் தேட வேண்டும். பிளேடு மாற்றுவது எளிதாக இல்லாத இயந்திரத்தில் பிளேடு மாற்றப்படாது, தள்ளிப்போடப்படும். இது மனித இயல்பு, கையேடு எழுதுபவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று.

வெளியேற்றும் குழாயின் உயரத்தைப் பார்த்தவர் உரிமையாளர். தங்கள் வண்டியின் பக்கப்பலகையை உயர்த்தியபின் குழாயின் வாய் அதற்கு மேலே நிற்கிறதா, எந்தப் பக்கமும் திரும்புகிறதா, நுனித் தகட்டை மடக்கி வீச்சைக் குறைக்க முடிகிறதா என்று அளந்தார். சாலையோரம் நிறுத்தும்போது இதெல்லாம் தினமும் வரும் பிரச்சினை.

கழுத்து அகலமான, மூடி எளிதாகத் திறக்கும் மாடலை எடுத்தார்கள். அதன் இன்ஜின் மற்றதைவிடச் சிறியது.

வெட்டும் பழக்கம் மாறியது

சிப்பர் வந்த புதிதில் எதிர்பார்த்த வேகம் கிடைக்கவில்லை. இயந்திரம் காத்திருந்தது, ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். காரணம் மேலே, மரத்தில் இருந்தது. வண்டியில் ஏற்றுவதற்காகக் கிளையைச் சிறு துண்டுகளாகக் கழிப்பது ஏறுபவரின் பல வருடப் பழக்கம். சிப்பருக்கு இது நேர்மாறு. நீளமான கிளையை ஒருமுறை வாயில் வைத்தால் இழுத்துக்கொண்டு போகும். அதையே ஆறு துண்டாக்கினால் ஆறு முறை குனிந்து, எடுத்து, நடந்து, வைக்க வேண்டும். குட்டைத் துண்டுகள் உருளையில் பிடிபடாமல் துள்ளவும் செய்யும்.

எனவே ஏறுபவர் கிளையை முடிந்தவரை நீளமாக, இரண்டு ஆள் இழுக்கும் அளவில் இறக்க ஆரம்பித்தார். கயிற்றில் இறக்கக்கூடியதை முழுக் கொப்பாகவே இறக்கினார். தரையில் இருப்பவர்கள் அதை இழுத்து வந்து குவிக்கும்போது எல்லா அடிமுனையும் சிப்பரைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது விதியானது. இது சின்ன விஷயமாகத் தெரியும். தலைமாறிக் கிடக்கும் குவியலிலிருந்து கிளையை உருவுவது, முடிச்சு விழுந்த கயிற்றைப் பிரிப்பது மாதிரி. ஒழுங்காக அடுக்கிய குவியலில் மேலே கிடப்பதை எடுத்தால் அது தானாக வரும்.

நுழையாத கவட்டையை முழுதாக வெட்டிப் பிரிப்பதில்லை. பிரிவின் உள்பக்கம் செயின்சாவால் பாதி ஆழம் கீறிவிட்டால் போதும், உருளை நசுக்கும்போது அது மடங்கிக்கொள்ளும். இந்த வெட்டைக் குவியலில் வைத்தே முடித்துவிட வேண்டும். சிப்பர் வாயின் முன்னால் நின்று ஓடும் செயின்சாவோடு கவட்டையைச் சரிசெய்வது கூடாது என்று உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சிப்பரை மரத்திலிருந்து கிளை விழும் வட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறார்கள், ஆனால் இழுக்கும் தூரம் நீளாதபடி. காற்று ஆட்கள் பக்கம் தூசியைத் தள்ளாத திசை. சக்கரத்துக்குக் கட்டை. வெட்டுவதையும் அரைப்பதையும் ஒரே நேரத்தில் செய்யலாமா என்பதில் மட்டும் இடத்துக்கு இடம் முடிவு மாறுகிறது. ஏறுபவர் மேலே இருக்கும்போது கீழே சிப்பர் ஓடினால் கூப்பிடுவது கேட்காது. சிக்கலான மரம் என்றால் சிப்பர் நிற்கும், எல்லாம் இறங்கியபின் ஓடும். நேரம் போகிறதே என்று யாரும் முணுமுணுப்பதில்லை.

வாயின் முன்னால் நிற்பது

சிப்பர் விபத்து சிறியதாக நடப்பது அரிது. இதை நிதானமாகவே எழுத வேண்டும்.

உருளை நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு அரை மீட்டர். வாயின் வெளி விளிம்பிலிருந்து உருளை வரை ஒன்றரை மீட்டர் என்றால், கையுறை ஒரு கொப்பில் மாட்டிய ஆளுக்கு மூன்று நொடி இருக்கிறது. அதற்குள் என்ன நடக்கிறது என்று புரிந்து, நிறுத்தும் கம்பியைத் தள்ள வேண்டும். ஊட்டுவாயின் தட்டு நீளமாக இருப்பதும், விளிம்பைச் சுற்றி நிறுத்தும் கம்பி ஓடுவதும் இந்த நொடிகளுக்காகத்தான். ஐரோப்பாவின் இஎன் 13525 என்ற தரம் சிப்பர்களின் பாதுகாப்பு அமைப்புக்கென்றே எழுதப்பட்டது. அந்த ஊட்டுத் தட்டு நீட்டிக்கொண்டு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை மடக்கி வைத்து வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மடக்குவது சாலையில் இழுத்துப் போவதற்கு மட்டும்.

அமெரிக்க மரவேலைப் பாதுகாப்புத் தரமான ஏஎன்எஸ்ஐ இசட்133 சொல்லும் முறையைத்தான் குழு பின்பற்றுகிறது: வாயின் நடுக்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, அடிமுனையை முதலில் வைத்து, உருளை பிடித்ததும் உடனே திரும்பி விலகிவிடுவது. திரும்பி விலகுவதுதான் முக்கியம். கிளை உள்ளே போகும்போது அதன் நுனி பக்கவாட்டில் வீசும், முகத்தில் அடிக்கும், சட்டையை மாட்டும். குட்டைத் துண்டை நீளமான கிளையோடு சேர்த்து அனுப்ப வேண்டும், அல்லது நீளக் குச்சியால் தள்ள வேண்டும். கையோ காலோ வாய்க்குள் போவதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

கயிறுதான் இவர்களை அதிகம் பயமுறுத்துகிறது. ஏறும் கயிறு, இறக்கும் கயிறு, எதுவானாலும் கிளையோடு சுற்றிக்கொண்டு உருளைக்குள் போனால் மறுமுனையில் கட்டியிருப்பது ஆளாக இருக்கலாம். கயிறுகள் சிப்பர் பக்கமே வரக்கூடாது. அவற்றுக்கு மரத்தின் மறுபக்கம் ஒரு பை இருக்கிறது. கிளையில் கட்டிய சிறு கயிற்றுத் துண்டையும் அவிழ்த்துவிட்டுத்தான் போடுவார்கள். தொளதொளத்த சட்டை, நீண்ட கைப்பட்டி உள்ள கையுறை, தொங்கும் சாவிக்கொத்து, இடுப்புப் பட்டையின் வளையங்கள், எல்லாம் அதே வகை. ஏறி இறங்கியவர் இடுப்புப் பட்டையைக் கழற்றாமல் சிப்பர் பக்கம் வருவதில்லை.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்ற வழக்கமான அளவுகோலில், 100 டெசிபலில் கிடைப்பது 15 நிமிடம். சிப்பர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்கு அந்த அளவு சாதாரணமாக வந்துவிடும். காதுக்கவசம் தலைக்கவசத்தோடு சேர்ந்தே இருந்தால் மறக்க முடியாது. காது மூடியிருப்பதால் கைச்சைகை வேண்டும், எனவே மூன்று சைகைகளை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்: நிறுத்து, ஓட்டு, இங்கே வா.

அடைப்பு எடுப்பதில்தான் பொறுமை குறைகிறது. இன்ஜினை அணைத்தபின்னும் வெட்டும் தட்டு நிமிடக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும், சத்தமில்லாமல். சாவியை எடுத்துப் பைக்குள் போட்டு, தட்டு முழுதாக நின்றதைப் பார்த்து, பூட்டும் ஊசியைச் செருகியபிறகுதான் மூடி திறக்கப்படும். கையால் தட்டைச் சுற்றும்போதும் பிளேடு விரலை வெட்டும் என்பதால் அதற்கும் கனமான கையுறை.

பிளேடு மழுங்கிய கதை

சில வாரம் நன்றாக ஓடிய இயந்திரம் திடீரென்று மந்தமானது. உருளை அடிக்கடி நின்றது, டீசல் கூடியது, சில்லுக்குப் பதில் நார்நாராகவும் தூளாகவும் வந்தது. இன்ஜினில் கோளாறு என்று ஒருவர், பெல்ட் என்று ஒருவர். பிளேடைத் திறந்து பார்த்தால் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பற்கள் விழுந்திருந்தன.

காரணத்தைத் தேட அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்தபின் தரையைப் பெருக்கி, கூட்டி அள்ளிய குப்பையையும் "எல்லாம் ஒண்ணுதானே" என்று சிப்பரில் போட்டிருந்தார்கள். தழையோடு மண்ணும் சரளையும். மரத்தை வெட்டும் எஃகு மணலுக்குத் தாங்காது. சாலையில் இழுத்து வந்த கட்டையின் பட்டையில் ஒட்டிய மண்ணும் இதே வேலையைச் செய்யும். வேலியோர மரத்தில் ஆணி, பழைய கம்பி எல்லாம் பட்டைக்குள் புதைந்திருக்கும், அது பிளேடையே உடைக்கும். இப்போது பெருக்கிய குப்பைக்குச் சாக்கு, சிப்பருக்குக் கிளை மட்டும். வேலியோரக் கட்டை சந்தேகம் தந்தால் விறகுக்குப் போகிறது.

பிளேடு பராமரிப்பை வாங்கும்போதே யோசித்திருந்தது உதவியது. கூடுதலாக ஒரு செட் வைத்திருந்தார்கள், அன்றே மாற்றி வேலையைத் தொடர்ந்தார்கள். தீட்டக் கொடுக்கும்போது செட்டாகத்தான் கொடுக்க வேண்டும், ஒரே அளவுக்கு எல்லாவற்றையும் தீட்ட வேண்டும். ஒரு பிளேடு மட்டும் அதிகம் தேய்ந்தால் தட்டின் சமநிலை கெடும், அதிர்வு பேரிங்கைத் தின்னும். தீட்டியபின் பிளேடின் அகலம் குறைவதால் அசையாத எதிர்பிளேடுக்கும் அதற்குமான இடைவெளியைக் கையேட்டின்படி மறுபடி அமைக்க வேண்டும். இடைவெளி கூடினால் புதுப் பிளேடும் கிழிக்கத்தான் செய்யும். போல்ட்டுகளை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்குவது கட்டாயம், கைப்பலத்தை நம்பி விடுகிற இடம் இது இல்லை.

மற்றபடி தினசரி வேலை சாதாரணமானது. கிரீஸ், ரேடியேட்டர் வலையில் ஒட்டும் தூசியை ஊதுவது, புது பெல்ட் ஆரம்பத்தில் தளர்வதால் இறுக்கம் பார்ப்பது, ஹைட்ராலிக் ஆயில் அளவு.

ஒத்துவராத சரக்கு

எல்லா மரமும் ஒன்று போல இல்லை. தென்னை, பனை ஓலைகளும் மட்டைகளும் சிறு தட்டுச் சிப்பருக்கு எதிரி. நார் வெட்டுப்படாமல் உரிந்து உருளைத் தண்டைச் சுற்றிக்கொள்ளும், குழாயை அடைக்கும். கொஞ்சமாக, மரக்கிளைகளுக்கு இடையில் கலந்து போட்டால் ஓரளவு போகும். ஓலையே முழு வேலை என்றால் சுத்தியல் வகை அரைப்பான்தான் சரி. மூங்கில் நீளவாக்கில் பிளந்து பட்டைபட்டையாக வரும், அதில் உள்ள சிலிக்கா பிளேடை விரைவில் மழுக்கும். கொடிகள் சுற்றும். நனைந்த தழை மட்டும் தொடர்ந்து போட்டால் பசைபோல ஆகி நிற்கும், நடுவே ஒரு காய்ந்த கட்டையை அனுப்பினால் அது குழாயைத் துடைத்துக்கொண்டு போகும். அரளி போன்ற நச்சுச் செடிகளை இவர்கள் அரைப்பதே இல்லை. தூசி மூச்சில் போகும், சில்லு எந்தக் கால்நடையின் வாயில் போகும் என்று சொல்ல முடியாது.

சில்லு எங்கே போகிறது

கிளையாக ஏற்றியபோது வண்டி நிறையும், எடை ஏறாது. இப்போது தலைகீழ். பச்சைச் சில்லு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 300 முதல் 400 கிலோ வரை இருக்கும். பக்கப்பலகை உயர்த்திய வண்டியில் நான்கு கன மீட்டர் கொட்டினால் ஒன்றரை டன் வரை போகலாம், அது ஒரு சாதாரண பிக்கப்பின் தாங்குதிறனுக்கு மேல். உரிமையாளர் பெட்டியின் உள்பக்கம் ஒரு கோடு போட்டுவிட்டார், அதற்கு மேல் ஏற்றுவதில்லை. கட்டையை அரைத்தால் பருமன் குறையாது, கூடும் என்பதும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது. ஒரு கன மீட்டர் கெட்டி மரம் இரண்டரை முதல் மூன்று கன மீட்டர் சில்லாகும். பருத்ததை விறகாகவே அனுப்பியது இந்த வகையிலும் சரியாகிவிட்டது.

நடைகள் வெகுவாகக் குறைந்தன. பல தோட்டக்காரர்கள் சில்லைத் தங்களுக்கே கொடுக்கச் சொல்கிறார்கள், அப்போது நடையே இல்லை. மூடாக்காகப் போடும்போது 5 முதல் 10 செ.மீ. கனம் போதும், தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். மண்ணோடு கலக்காமல் மேலே பரப்பினால் தழைச்சத்து இழப்பு மேற்பரப்போடு நின்றுவிடும். பெரிய குவியலாக விட்டால் உள்ளே 60 டிகிரிக்கு மேல் சூடாகும், பூஞ்சை பிடிக்கும், அதைக் கிளறும்போது வரும் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. பூச்சி தாக்கிய மரம் என்றால் சில்லின் அளவும் முக்கியம். வட அமெரிக்காவில் ஆஷ் மரங்களை அழித்துவரும் எமரால்டு ஆஷ் போரர் வண்டுக்கு, இரண்டு பக்கமும் 2.5 செ.மீ.க்குக் குறைவான சில்லாக அரைப்பதை அங்கே அங்கீகரித்த முறையாக வைத்திருக்கிறார்கள். மழுங்கிய பிளேடு தரும் நீண்ட நாரில் அந்த உத்தரவாதம் கிடையாது.

உதவாத இடமும் உண்டு. ஒரே ஒரு சின்ன மரம், நாலு கொப்பு என்றால் சிப்பரை இழுத்துப் போய், நிறுத்தி, கட்டை வைத்து, சரிபார்த்து, மறுபடி கட்டிக் கிளம்பும் நேரத்தில் கையாலேயே ஏற்றிவிடலாம். அந்த மாதிரி வேலைக்கு அது கொட்டகையிலேயே நிற்கிறது.

பழைய சிப்பர் வாங்கலாமா என்று இப்போது வேறு குழுக்கள் இவர்களிடம் கேட்கிறார்கள். உரிமையாளர் சொல்லும் பதில் இது. பெயின்ட்டையும் மீட்டரில் உள்ள மணிக்கணக்கையும் பிறகு பாருங்கள். இன்ஜினை அணைத்து, தட்டு நின்றபின், பெல்ட்டைத் தளர்த்தித் தட்டைக் கையுறையோடு ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டமோ கரகரப்போ இருந்தால் விட்டுவிடுங்கள். தட்டில் பிளேடு உட்காரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, உருளைப் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா, எதிர்பிளேடைத் திருப்பிப் போட இன்னும் ஒரு விளிம்பு மிச்சம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் ஓட விட்டு, உருளை சுழலும்போது நிறுத்தும் கம்பியை ஒரு நீளக் குச்சியால் தள்ளுங்கள். உருளை அந்த நொடியே நிற்கவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவானாலும் அது வேண்டாம்.